இவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்?

மார்ச் 3, செவ்வாய்

பேச்சறையின் உள்கைப்பிடி இன்றும் கழன்று கையோடு வந்தது. கையில் கைப்பிடி, எதிரே சாத்திய கதவு. தட்டினேன். கத்தரிதான் வந்து திறந்தான். வீடியோ வெட்டுகிறவன் என்பதால் அந்தப் பெயர். அவன் அம்மாவே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாராம்.

"உள்ள வச்சுச் சாத்தினாத்தான் நீ ஒழுங்கா வேலை பார்ப்பேன்னு மேலிடத்துல கண்டுபிடிச்சுட்டாங்க போல."

பழைய நாளிதழ்க் கட்டுகள் கிடந்த அறை அது. கட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டு, சுவரெங்கும் பஞ்சு ஒட்டி, ஒரு மைக்கை வைத்துப் பேச்சறை என்றார்கள். ஜன்னல் இல்லை. நாளிதழ் நின்று இணையம் மட்டும் மிஞ்சியபோது எழுதத் தெரிந்தவர்கள் போனார்கள். பேசத் தெரிந்தவள் என்று என்னை எடுத்தார்கள். முகம் வேண்டாம், குரல் போதும். நாளுக்கு எட்டுச் செய்தி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்.

பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய ஆய்வேடு கவிதையில் மௌனம் பற்றியது. சிரிக்கலாம்.

மார்ச் 4, புதன்

பார்வையாளர் ஒருவர் அனுப்பிய வீடியோ. நீச்சல்குளத்தில் ஒரு சிறுமி மூழ்கிப் பிழைத்திருக்கிறாள். மருத்துவமனைக்குப் பேசினேன், நலம் என்றார்கள். அதையாவது கேட்டேன்.

போனைப் படுக்கவைத்து எடுத்த வீடியோ. எங்களுக்கு நிற்கும் வீடியோதான் ஆகும், ஏனென்றால் பார்க்கிறவர்கள் யாரும் போனைத் திருப்புவதில்லை. அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டவேண்டும். எந்தப் பங்கு என்பதைக் குரல் கொடுப்பவள் சொல்வாள். இடப்பக்கம் கும்பல், முதுகுகள் மட்டும். நடுவில் தண்ணீர். வலப்பக்கம் உயிர்காப்பாளர், கழுத்தில் விசில், குனிந்து போனைத் தட்டிக்கொண்டிருக்கிறார். முகம் தெரியும் பங்கை எடு என்பது எங்கள் விதி. வலப்பக்கத்தை எடுத்தேன்.

இன்னொரு விதி: ஒவ்வொரு வீடியோவுக்கும் இரண்டு முதல் வரிகள் பதிவுசெய்ய வேண்டும். பத்து நிமிடம் இரண்டையும் ஓடவிடுவார்கள். எதில் ஆட்கள் நிற்கிறார்களோ அது வாழும், மற்றது அழியும்.

ஒன்று: "நீச்சல்குளத்தில் மூழ்கிய சிறுமி உயிர் பிழைத்தாள்."

இரண்டு: "சிறுமி மூழ்கியபோது, இவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்?"

பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 5, வியாழன்

அலுவலகச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. இந்த நொடியில் எத்தனை பேர் எங்களைப் பார்க்கிறார்கள் என்ற கோடு அதில் ஏறி இறங்கும். பார்வையாளர் பிரிவின் தலைவர் நம்மோடு பேசும்போதும் அந்தக் கோட்டைத்தான் பார்த்துப் பேசுவார். அதனால் எங்களுக்குள் அவர் வரைபடம்.

இன்று வரைபடம் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். முதல்முறை. "அந்த 'இவர்'னு ஒரு சின்ன இடைவெளி விட்டே பாரு. அடடா! மனுஷன் விரலை நகர்த்த முடியாதும்மா."

சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதிவைக்கிறேன், இருந்தது.

மார்ச் 7, சனி

பேருந்தில் என் குரல். பின்னிருக்கையிலிருந்து. திரும்பினேன், யாரோ ஒருவர் போனில் ஒரு பூனை மீன்தொட்டி அருகே தூங்குகிறது, மேலே நான்: "இவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்?" இருவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அடுத்தது, பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிகிறது, கணவன் போனில். அதற்கும் நான். அடுத்தது ஒரு கோல்கீப்பர். நான்.

கேள்வியை மட்டும் தனியே கத்தரித்து எடுத்து, ஊரே அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மனிதருக்கு "போன் அண்ணன்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் அத்தான், அக்காவைப் படமெடுத்தபடியே வந்தார். அக்கா தலைவாரிக்கொண்டிருந்தாள், தோசைக்கல்லில் புகை. என் குரலை ஓடவிட்டார்.

"வீட்டுக்குள்ளயே ஒரு பிரபலம் இருக்கா, பயன்படுத்திக்க வேணாமா?"

"கல்லுல இருக்கிறது தீயுது, அதைத் திருப்புங்க முதல்ல" என்றாள் அக்கா.

மார்ச் 9, திங்கள்

அந்த உயிர்காப்பாளரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். "நமது செய்தியின் எதிரொலி" என்று அதையும் ஒரு நிமிடமாக்கி வாசித்தேன்.

அக்கா தன் மகள் வாண்டுவை நீச்சல் வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். அதே குளம். எங்கள் இருவருக்கும் ஒரே அறை, கட்டிலில் பாதி எனக்கு, பாதி வாண்டுவுக்கு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அவள் கட்டில்மேல் குப்புறப்படுத்துக் கைகால் அடித்துப் பழகுகிறாள். "சித்தி, தள்ளு. இது ஆழமான பக்கம்."

மார்ச் 12, வியாழன்

வியாழக்கிழமைகளில் கருத்துகளைச் சுத்தம் செய்வது என் முறை. கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டு, அதே அர்த்தமுள்ள நல்ல வார்த்தைகளை விட்டுவைக்கவேண்டும். ஆயிரக்கணக்கில். கீழே, கீழே, இன்னும் கீழே. யாரும் விருப்பக்குறி இடாத ஒரு வரி:

"அவர் சட்டை ஏன் ஈரமா இருக்கு?"

பார்த்தேன். ஈரம்தான். தோளோடு ஒட்டிக்கிடக்கிறது. முழங்கையிலிருந்து நீர் சொட்டுகிறது. லட்சக்கணக்கானோர் பார்த்தது. நான் வெட்டியது.

வெட்டாத வீடியோவை எடுத்துக்கொண்டு பேச்சறைக்குப் போனேன். ஹெட்போனை மாட்டினேன். அன்று சத்தமில்லாமல்தான் பார்த்தேன். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம், எப்படியும் அதன்மேல் என் குரல்தானே வரப்போகிறது.

இடப்பக்கம், முதுகுகளுக்கு நடுவே ஒரு சின்னக் கால். குளத்தின் விளிம்பிலிருந்து அந்தக் கால் வரை ஈரத்தடம், அங்கிருந்து அவர் வரை ஈரத்தடம். அவர்தான் குதித்திருக்கிறார். தூக்கி வந்து கொடுத்திருக்கிறார். அப்புறம்தான் போன்.

அவர் குரல்: "இடத்தை அனுப்பிட்டேன், வந்துச்சா பாருங்க... முன் கேட்டு பூட்டியிருக்கு. பின்பக்கம் வாங்க. பின்பக்கம்... பாப்பா மூச்சு விடுது, சீக்கிரம் வாங்க."

ஆம்புலன்ஸ்.

கேள்விக்குப் பதில் அதிலேயே இருந்திருக்கிறது. என் குரலைப் போட அதை எடுத்துவிட்டேன்.

கதவைத் தட்டினேன். இன்று யாருக்கும் கேட்கவில்லை. ரொம்ப நேரம்.

மார்ச் 13, வெள்ளி

செய்தி ஆசிரியர் வெட்டாத வீடியோவை இரண்டுமுறை பார்த்தார். "தப்புதான்" என்றார். அரை நொடி நிம்மதி.

"எடுத்துடலாமா சார்?"

"நம்ம பக்கத்துல இருந்து எடுக்கலாம். ஊரெல்லாம் இருக்கிற காப்பியை யார் எடுப்பா? நாம எடுத்ததும் 'பயந்துட்டாங்க'ன்னு போட்டிக்காரன் ஒரு வீடியோ போடுவான்."

வரைபடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாம என்னம்மா சொன்னோம்? கேட்டோம். அவ்வளவுதானே?"

"பதில் அந்த வீடியோவுலயே இருந்துச்சு சார். நாமதான் வெட்டிட்டோம்."

"நாம இல்ல" என்றார். "நீ."

மார்ச் 16, திங்கள்

திருத்தம் வெளியாகிவிட்டது. வீடியோவுக்குக் கீழே "மேலும்" என்பதை அழுத்தினால், நாலு விளம்பரத்துக்கு அப்புறம், இரண்டு வரி.

கெஞ்சி, முழு அகல வீடியோவையும் புதுச் செய்தியாகப் போடவைத்தேன். அதற்கும் இரண்டு முதல் வரிகள், பத்து நிமிடம். இரண்டிலும் யாரும் நிற்கவில்லை. அகல வீடியோ போனில் தீப்பெட்டி அளவுதான் தெரிகிறது. சத்தத்தை நிறுத்திப் பார்க்கிறவர்களுக்கு அவர் பேசுவதும் கேட்காது. பதினோராவது நிமிடம் அதுவாகவே அடியில் போய்ப் புதைந்தது. யாரும் புதைக்கவில்லை. கோபப்படக்கூட ஆள் கிடையாது.

வீட்டில் அத்தானிடம் எல்லாவற்றையும் காட்டினேன். முழுதாகப் பார்த்தார். "பாவம்ப்பா" என்றார். பிறகு, "ஆனா அவர் போனைப் பார்த்தது உண்மைதானே?"

அக்கா அவரைப் பார்த்த பார்வை! அவளும் ஆனால் வாண்டுவை அனுப்பவில்லை. "தெரியுதுடி. ஆனா மனசுல ஒருதடவை விழுந்துடுச்சே."

என்ன செய்வது இதை? உண்மை தெரிந்த பிறகும் அப்படியே இருக்கிறது.

மார்ச் 18, புதன்

குளத்து அலுவலகத்தில் முகவரி கேட்டு வாங்கி அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. அவர் மனைவி கதவைத் திறந்தார். "யார் வேணும்?" நான் ஒரு வாக்கியம்தான் பேசினேன். பெயர் சொல்லவில்லை, வேலை சொல்லவில்லை. முகம் மாறிவிட்டது.

"இந்தக் குரல் எங்க வீட்டுக்குள்ள வர வேணாம்."

உள்ளேயிருந்து, "விடு. வரட்டும்."

உட்காரச் சொன்னார். நாற்பது வயது இருக்கும். தோள்கள் மட்டும் அந்த அறைக்குப் பொருந்தாத அகலம். நான் மன்னிப்புக் கேட்டேன். தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்.

"விசாரணையில போன் கால் பட்டியலைக் காட்டினேன் மேடம். ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து சொன்னாரு. பாப்பாவோட அப்பாவும் சொன்னாரு. எல்லாம் சரின்னுட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"நாங்க நம்புறோம்ப்பா, ஆனா வர்றவங்க நம்பணுமேங்கிறாங்க. பெத்தவங்க புள்ளையை விட யோசிக்கிறாங்களாம். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பாங்களாம். அடங்கலைன்னா வேற ஆள்."

மனைவி சமையலறை வாசலில் நின்றபடியே, "இவருக்கு வேற எந்த வேலையும் தெரியாது. வீட்டுல பல்பு மாத்தச் சொன்னாலும் யாராவது விழுறாங்களான்னு கீழயே பார்த்துட்டு நிப்பாரு" என்றார். அவர் சிரித்தார். மனைவியும் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "நான் பேசினது அதுல இருந்துச்சாமே. அதை ஏன் மேடம் எடுத்தீங்க?"

"என் குரலைப் போடறதுக்கு."

தலையாட்டினார். ஏதோ நியாயமான காரணம் போல.

மார்ச் 20, வெள்ளி

"திருத்தம் ஓடாது" என்றான் கத்தரி. "ஆனா உன் கேள்வி ஓடுதே, கட்டுப்பாடே இல்லாம. அது மேலயே ஏறிப் போ."

செய்துவிட்டோம். அலுவலகக் கணக்கில் போடவில்லை, என் சொந்தக் கணக்கில். முதலில் அதே கேள்வி, அதே குரல். பிறகு முதல்முறையாக என் முகம்: "போனைப் படுக்க வையுங்கள்." அவன் அகல வீடியோவைப் பக்கவாட்டில் திருப்பி ஒட்டியிருந்தான், போனைத் திருப்பினால்தான் நேராகத் தெரியும். திருப்பியதும் திரை முழுக்கக் குளம். சின்னக் கால். ஈரத்தடம். அவர் குரல் முழுதாக. கடைசியில் நான்: "கேட்டவள் நான். வெட்டியவள் நான்."

"பல்லு கொஞ்சம் தெரியுது, இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்றான்.

"வேணாம்டா."

மார்ச் 23, திங்கள்

திருப்பிவிட்டார்கள். ஊரே போனைத் திருப்பியிருக்கிறது. "போன் அண்ணன்" போய் "குளத்து நாயகன்" வந்துவிட்டது.

இன்னொரு புது வீடியோவும் வந்திருக்கிறது. என் முகம், மேலே என் குரல்: "இவள் என்ன பார்த்துக்கொண்டிருந்தாள்?" அதை நான் பேசவே இல்லை. என் குரலை வைத்து யாரோ கணினியில் செய்தது. அச்சு அசல் நான்.

கருத்துகளைப் படிக்காதே என்றாள் அக்கா. படித்தேன். என் பல், என் மூக்கு, என் நிறம். என்னைச் செய்யச் சொல்லும் காரியங்கள். நேற்று அவரைத் திட்டிய அதே பெயர்கள் இன்று என்னைத் திட்டுகின்றன, எழுத்துப்பிழை உட்பட. வாரக்கணக்காக அவற்றைச் சுத்தம் செய்தவள், எனக்குத் தெரியாதா?

கடைத்தெருவில் வாய் திறக்கவில்லை. கை காட்டியே சோப்பு வாங்கினேன்.

மார்ச் 25, புதன்

வேலை போகும் என்று நினைத்துப் போனேன். பையைக்கூடக் காலி செய்து கொண்டுபோனேன், மேசைச் சாமான்களை அள்ளிவர.

வரைபடம் எழுந்து நின்றார். "உட்காரும்மா! உன்னைத் திட்டறதுக்குன்னே வர்றாங்க. வாழ்த்தறவன் பாதியில போயிடுவான். திட்டறவன் கடைசி நொடி வரைக்கும் இருப்பான்."

வாரம் ஒரு நிகழ்ச்சி. என் முகம். மக்கள் கேள்வி கேட்பார்கள், நான் பதில் சொல்லவேண்டும். கிட்டத்தட்டக் கல்லெறிய ஒரு இடம், நேரம் குறித்து.

ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். "ஒப்பந்தத்துல இன்னும் ஒரு வருஷம் இருக்கு உனக்கு" என்றார். அது கருணையா எச்சரிக்கையா தெரியவில்லை.

காலிப் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நாளையிலிருந்து குளம்.

அழுதேன். நல்லவிதமாகத்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

அவர் கூப்பிட்டார்.

"மேடம், ஒரு உதவி. இப்ப என்னைப் பத்தி நல்லதா போடறாங்களே, அதையும் கொஞ்சம் நிறுத்த முடியுமா?"

"ஏங்க?"

"தண்ணியைப் பார்க்க விடமாட்டேங்கிறாங்க. நாற்காலியைச் சுத்தி ஆளு. அண்ணா, இங்க பாருங்க, கைகாட்டுங்க, விசில் ஊதுங்க. புள்ளைங்க தண்ணியில இருக்கு, பெத்தவங்க என்னைப் படம் எடுக்கிறாங்க. முன்னாடி அவங்களும் பார்ப்பாங்க, நானும் பார்ப்பேன். இப்ப யாருமே பார்க்கலை. நேத்து ஒரு புள்ளை இருமிக்கிட்டே கரைக்கு வந்துச்சு. எப்ப தண்ணி குடிச்சுதுன்னு எனக்குத் தெரியலை. எனக்குத் தெரியலை மேடம்."

என் கையில் எதுவும் இல்லை என்றேன். உண்மை. அவரைக் கெடுத்ததும் கை மீறிப்போனது, நல்லதும் அப்படியே.

ஏப்ரல் 3, வெள்ளி

வரைபடத்தின் திட்டம்: முதல் நிகழ்ச்சிக்கு அவர்தான் விருந்தினர். இடம் குளக்கரை. நான் மன்னிப்புக் கேட்கவேண்டும், அவர் மன்னிக்கவேண்டும்.

"நேரலையா?"

"நேரலை மாதிரி. முன்னாடியே ரெண்டா எடுத்துடுவோம். மன்னிச்ச மாதிரி ஒண்ணு, மன்னிக்காத மாதிரி ஒண்ணு. பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்ப்போம்."

நான் எதுவும் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். குளத்து நிர்வாகியிடம் பேசிவிட்டாராம், அவருக்கும் விளம்பரம்தானே. "அந்த ஆளை நீயே கூப்பிட்டுடு. நீ சொன்னா வருவாரு."

வருவார். அதுதான்.

ஏப்ரல் 4, சனி

நான் கூப்பிடுவதற்கு முன் அவரே கூப்பிட்டார். "நிர்வாகி சொன்னாரு. என்னைக்கு வரணும் மேடம்?" அவ்வளவு பணிவாக. வேலை திரும்பக் கிடைத்தவரின் குரல்.

இன்னும் ஒரு கூட்டம். இன்னும் ஆயிரம் போன்கள் அந்த நாற்காலியைச் சுற்றி. ஒரு குழந்தை அப்போது தண்ணீரில் இருக்கும்.

"வரவேண்டாம்" என்றேன்.

"உங்களுக்குப் பிரச்சினை வராதா?"

"அதை விடுங்க. ஒண்ணு சொல்றேன், கேட்கிறீங்களா? உங்க நிர்வாகிக்கிட்ட இப்பவே போய்க் கேளுங்க. குளத்துக்குள்ள யாரும் போன் கொண்டுவரக் கூடாது. இல்லைன்னா வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லுங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் பேசி..."

"இந்த வாரம் நீங்க நாயகன். உங்களை அனுப்பினா ஊரு அவரை விடாதுன்னு அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் ஊருக்கு வேற ஆள் கிடைச்சுடுவாங்க. அப்பக் கேட்டா கிடைக்காது. இன்னைக்கே கேளுங்க."

பின்னால் அவர் மனைவி: "அவங்க சொல்றது சரி. கேளுங்க."

அந்த வீட்டில் என் குரல் சொன்ன ஒரு பேச்சைக் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 6, திங்கள்

"வரமாட்டேன்னுட்டாரா?" என்றார் வரைபடம்.

"நான்தான் வரவேண்டாம்னு சொன்னேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோட்டைப் பார்த்தார். ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. நானும் முடிந்துவிட்டேன் என்பது அதில் தெரிந்திருக்க வேண்டும்.

"போறதா இருந்தா போம்மா. யாரும் பிடிச்சு வைக்கலை. ஒப்பந்தத்துல பதிவெல்லாம் எங்களோடதுன்னு இருக்கு, படிச்சிருப்பே. ஆயிரக்கணக்கான நிமிஷம் இருக்கு உன் குரல். இப்பவெல்லாம் அது போதும்."

புரிய ஒரு நிமிடம் ஆனது. எட்டுச் செய்தியும் தினமும் என் குரலிலேயே வரும். நான் மட்டும் இருக்கமாட்டேன்.

கத்தரி கதவு வரை வந்தான். "நீ போனதும் பேச்சறையை என்ன செய்யப் போறாங்க தெரியுமா? மறுபடியும் ஸ்டோர் ரூம்" என்றான். சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

வேலையை விட்டதற்கு அக்கா திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

ஏப்ரல் 13, திங்கள்

ஒரு பள்ளியில் விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாக ஆசிரியை வேலைக்கு நேர்காணல். ஏழெட்டு வாக்கியம் பேசியிருப்பேன். எதிரே இருந்தவர் பேனாவை மூடினார். "உங்களை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார்.

ஏப்ரல் 20, திங்கள்

காலையில் அத்தான் ஷேவ் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் போனில் நான் செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பாலம் திறப்பு. நான் போகாத பாலம். நான் அப்போது பக்கத்து அறையில் வாண்டுவின் துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அத்தான் என்னைப் பார்த்துவிட்டு அவசரமாக அணைத்தார், ஏதோ தப்புச் செய்தவர் போல. "பரவாயில்லை அத்தான், மழை வருமான்னு கேளுங்க" என்றேன்.

வாண்டுவுக்கு இன்று மறுபடியும் நீச்சல் வகுப்பு. அக்காதான் சொன்னாள், நான் கேட்கவில்லை. "போனை வாங்கி வச்சுக்கிறாங்களாமே அங்க. அப்ப அனுப்பலாம்." கூட்டிப்போக வீட்டில் வேலையில்லாத ஆள் நான் ஒருத்திதான்.

நுழைவாயிலில் ஒரு பெண் எல்லோரிடமும் போனை வாங்கி, எண் போட்ட பைகளில் போடுகிறார். ஒரு அப்பா சண்டை போட்டார். "முதல் தடவை நீந்தறா, ஒரு படம்கூட எடுக்கக் கூடாதா?" அந்தப் பெண், "கண்ணால பாருங்க சார், அதுக்குக் காசு இல்ல" என்றார். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே சத்தம், குளோரின் வாடை, நனைந்த தரை. பெற்றோர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வேறு எதைப் பார்ப்பது.

அவர் உயரமான நாற்காலியில். தலை மெதுவாக இடமிருந்து வலம், வலமிருந்து இடம்.

வாண்டு மறுகரையிலிருந்து, "சித்தி! இங்க பாரு!" என்று கத்தினாள். எழுந்து குளத்தோரமாகப் போனேன். அவர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன் போல.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாகத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி என்று சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் குரல் கேட்டுத் திரும்பியிருப்பார்.

பேசாமல் தள்ளி நின்றேன்.